பட்டி கண்ட ஓட்டை

1963ஆம் ஆண்டு, தீபாவளி முடிந்த மறுவாரம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ என்று எல்லாரும் சொன்ன வரிசை வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாயி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து வேதாளக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. இருவரும் மாறி மாறி உம் கொட்டினோம். உம் நின்றால் அப்பாயி கதையை நிறுத்திவிடுவார். அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

அன்று சொன்ன கதையில், ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்று அப்பன் முடிவு செய்வதற்குள் அவள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பலைக் காத்துச் சுடுகாட்டிலேயே படுத்துக்கொள்கிறான். இன்னொருவன் எலும்பைக் கட்டியெடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். மூன்றாமவன் ஊர் ஊராகத் திரிந்து, செத்தவரை எழுப்பும் மந்திரம் எழுதிய ஏட்டை ஒரு வீட்டிலிருந்து எடுத்து வருகிறான். மூவரும் சுடுகாட்டில் சேர்கிறார்கள். மந்திரம் சொன்னதும் அவள் எழுந்து நிற்கிறாள். அவள் யாருக்கு மனைவி என்று வேதாளம் கேட்கிறது.

வேதாளத்தைச் சுமந்துவந்த மன்னன் விக்கிரமாதித்தன் வாய் திறப்பதற்குள் தம்பி கேட்டுவிட்டான்: “அப்பாயி, அந்த ஏடு இப்ப எங்க இருக்கு? அத வெச்சுத் தாத்தாவ எழுப்ப முடியாதா?”

காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் தாத்தா இறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அப்பாயி எங்களிடம் வந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா, “கத கேக்குறப்ப குறுக்க பேசாதடா” என்று அதட்டினார். அப்பாயி கையை உயர்த்தி அம்மாவை நிறுத்தினார். “அவன ஏன் வையிற? சரியாத்தான் கேட்டிருக்கான். எனக்குத் தெரியல ராசா. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்.”

சொன்னபடி மறுநாள் சொன்னார். “அந்தப் பொண்ணு மந்திரத்தால மட்டும் எந்திரிக்கலடா. ஒருத்தன் சாம்பலக் காத்து வெச்சிருந்தான். ஒருத்தன் எலும்பக் காத்துக் கொண்டாந்தான். அந்த ரெண்டும் இருந்ததுனாலதான் மந்திரத்துக்கு வேல இருந்துச்சு. உன் தாத்தா சாம்பல நாமதான கோலக் கிள்ளான் கடல்ல கரைச்சோம்? அப்புறம் மந்திரம் எதத் தொட்டு எழுப்பும்?” தம்பி வெகுநேரம் யோசித்தான். பிறகு தலையாட்டினான்.

நான் ஆசிரியராகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். கதை என்றால் என்ன என்று எனக்குக் கற்பித்தவை அந்த இரண்டு இரவுகள். ஒரு மாயப்பொருள் ஒருமுறை ஒரு பெரும் சிக்கலைத் தீர்த்துவிட்டால், அடுத்த சிக்கலுக்கும் அதையே ஏன் எடுக்கவில்லை என்று பிள்ளை கேட்கும். அதற்குக் கதையில் பதில் இல்லையென்றால் அங்கே ஓட்டை விழுகிறது. உலகமெங்கும் சிறுவர் மாயக்கதைகளில் இன்று பெரிதாகப் பேசப்படும் குறை இது. நம் கதைசொல்லிகள் இதைப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டு, அதற்கொரு கைமுறையும் வைத்திருந்தார்கள். அந்தக் கைமுறை கப்பலேறி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் வந்தது. அது வந்த வழியையும் நலிந்த விதத்தையும் நான் கண்ட அளவில் எழுதி வைக்க விரும்புகிறேன்.

அப்பாயியின் தகரப் பெட்டியில் இரண்டு சேலை, ஒரு வெற்றிலைப் பெட்டி, தாத்தாவின் துண்டு, அட்டை கிழிந்த ஒரு பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை ஆகியவை இருந்தன. சென்னையில் மலிவுத் தாளில் அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற புத்தகங்கள்தான் பெரிய எழுத்துப் புத்தகங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதனகாமராசன் கதை எல்லாம் அந்த வடிவில் வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் விளக்கு வெளிச்சத்தில் படிக்க வசதியாக எழுத்து பெரிதாக இருக்கும். இவற்றின் மாயக்கதைச் செல்வத்தை வெள்ளைக்காரர்களும் அறிந்திருந்தார்கள். மதனகாமராசன் கதையைப் பண்டித நடேச சாஸ்திரி 1886இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்.

அதே 1886இல்தான் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்த பிறகு, அத்தாப்புக் கூரைகளை விட்டுச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார்கள். அந்தச் செங்கல்லை அறுத்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சூளைகளுக்குப் பின்னால் ரயில்வே வந்தது. ரயில்வேயோடு தமிழர்கள் வந்தார்கள். தண்டவாளம் போட வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும், எழுத்தர் வேலைக்கு வந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தனர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் எழுந்தது. கோயிலும் பள்ளியும் மளிகைக்கடையும் சூழ்ந்து அது தமிழர் பேட்டையானது. கிள்ளான் பக்கத்தில் காப்பார், பந்திங், கோலலங்காட் வரை கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. கங்காணிகள் ஆள் கட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை கப்பல் கப்பலாகச் சனம் வந்தது. நாகப்பட்டினத்தில் ஏறியவர்களில் என் அப்பாயியும் ஒருவர்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டும்; ஆகவே கதைக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். லயத்து வாசலில் எழுத்துத் தெரிந்த ஒருவர் படிப்பார். சுற்றி இருபது பேர் கேட்பார்கள். தாத்தாதான் படிப்பாராம். படிக்கிறவரை யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். “அதெப்படிய்யா? போன கதையில குளிகையப் போட்டுப் பறந்தான், இந்தக் கதையில ஏன் நடந்து போறான்?” என்று பால்வெட்டுகிற ஒருவர் கேட்பார். படிப்பவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தெரியாவிட்டால் கூட்டத்தில் ஒருவர் சொல்வார். மறுநாள் கித்தா மரத்தடியிலும் அதே பேச்சு நடக்கும். கதை ஒருவர் சொத்தாக இல்லை. அதிலிருந்த ஓட்டையை ஊரே சேர்ந்து அடைத்தது.

அந்த ஊர் விரும்பிக் கேட்ட கதை பட்டியின் கதை. பட்டி விக்கிரமாதித்தனின் தம்பி, மந்திரி. எங்கள் வீட்டில் கேட்டபடியே சொல்கிறேன். தேவலோகத்தில் ரம்பையும் ஊர்வசியும் ஆடிய நடனத்துக்கு விக்கிரமாதித்தன் சரியான தீர்ப்புச் சொல்கிறான். இந்திரன் மகிழ்ந்து 32 பதுமைகள் தாங்கும் சிம்மாசனத்தைக் கொடுத்து, அதில் ஆயிரம் ஆண்டு அமர்ந்து அரசாள வரமும் தருகிறான். ஊர் திரும்பி அண்ணன் சொன்னதைக் கேட்ட பட்டி, தானும் உடனிருக்க வேண்டுமே என்று காளியிடம் போய் நிற்கிறான். இரண்டாயிரம் ஆண்டு வாழ்வு தருகிறேன், உன் அண்ணன் தலையைக் கொண்டுவா என்கிறாள் காளி. பட்டி தூங்குகிற அண்ணனை வெட்டித் தலையைக் கொண்டுபோய் வைக்கிறான். காளி வரம் தருகிறாள். உடனே பட்டி சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய் என்று காளி கேட்கிறாள். இந்திரன் கொடுத்த ஆயிரம் ஆண்டு வரம் என் ஒரே வெட்டில் போய்விட்டது. நீ கொடுக்கும் இரண்டாயிரம் எந்த வெட்டு வரைக்கும் என்கிறான். காளிக்குப் பதில் இல்லை. விக்கிரமாதித்தனை உயிரோடு எழுப்பித் தருகிறாள்.

கதைக்குள்ளேயே ஒருவன் எழுந்து நின்று, கதையில் ஓட்டை இருக்கிறது என்று தெய்வத்திடமே சொல்கிறான். அந்தக் கேள்விக்குத் தெய்வம் கட்டுப்படுகிறது. கேட்டவனைக் கதை தண்டிக்கவில்லை. அவனைத்தான் மந்திரியாக வைத்துக்கொள்கிறது.

இன்னும் ஒரு கணக்கு மிச்சம். அண்ணனுக்கு ஆயிரம், தம்பிக்கு இரண்டாயிரம். அண்ணன் போன பிறகு ஆயிரம் ஆண்டு தம்பி தனியாக இருப்பதா? இதற்கும் பட்டிதான் வழி சொல்கிறான். இந்திரன் வரம் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கும் காலத்துக்கு உரியது. ஆறு மாதம் நாட்டில் இரு, ஆறு மாதம் காட்டில் இரு. காட்டில் இருக்கும் மாதங்கள் கணக்கில் சேராது, ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம், நாடாறு மாதம் என்ற பழமொழி இந்தக் கணக்கைச் சொல்கிறது. ஊரில் பாதி உயிரும் இங்கே பாதி உயிருமாக வாழ்ந்த தாத்தா அந்தப் பழமொழியைத் தன் வாழ்க்கைக்கே சொல்லிக்கொள்வாராம்.

கைமுறை இப்போது விளங்குகிறது. வரம் என்றால் அதற்கு ஒரு வார்த்தைக்கட்டு உண்டு. மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவு கூடாது என்று கேட்டான் இரணியன். அந்தியில், வாசற்படியில், மனிதனும் விலங்குமல்லாத நரசிங்கத்துக்கு அந்தக் கட்டு இடம் விட்டிருந்தது. தொட்ட தலை எரிய வேண்டும் என்று கேட்ட பஸ்மாசுரன் தன் தலையையும் அதில் சேர்த்துக் கேட்டுவிட்டான். எந்த இடத்தில் வரம் உடையும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகுதான் நம் முன்னோர் வரத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் கதையில் ஓட்டை தெரியாமல் விழவில்லை. கதை வெளியேறுவதற்காக வைத்த வாசல் அது.

வேதாளக் கதையின் சட்டகம் இதில் மிக நுட்பமானது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னன் தலை சுக்குநூறாகும். பேசினால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிப் பறந்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்த பொறி. ஆனால் ‘பதில் தெரிந்தும்’ என்ற சொல்லில் ஒரு வாசல் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித் சாகரத்தில் சேர்த்த பழைய வடிவத்திலும் அந்த வாசல் வழியாகத்தான் கதை முடிகிறது. ஒரு தந்தையும் அவன் மகனும் வேறொரு தாயையும் மகளையும் சந்தித்து, தந்தை அந்த மகளையும் மகன் அந்தத் தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. மன்னனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மௌனமாக நடக்கிறான். தலையும் வெடிக்கவில்லை, வேதாளமும் பறக்கவில்லை. அறிவால் திறக்க முடியாத பொறி, தெரியாது என்ற உண்மையால் திறந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம், “எனக்குத் தெரியல ராசா” என்ற அப்பாயியின் குரல் என் காதில் கேட்கும்.

பிறகு பத்திரிகைக் காலம் வந்தது. பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ எங்கள் வீட்டுக்கும் வந்தது. ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை நம்மவர்களை ஏற்றி இறக்கியது. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கோலக் கிள்ளான். கப்பலில் வந்த கட்டு பிரிந்து கடைக்கு வரும்போது, அட்டையில் போட்ட மாதம் கழிந்திருக்கும். கடைக்காரர் அஞ்சடி எனும் கடைமுன் நடைபாதையில் கயிறு கட்டித் தொங்கவிடுவார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவேன்.

அம்புலிமாமாவின் வண்ணப் படங்களுக்கு நான் பட்ட கடன் தீராது. வேதாளத்தைத் தோளில் போட்டு வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை 1960களில் ஓவியர் சங்கர் வரைந்தார். அவர் 2020இல் காலமான செய்தி வந்த அன்று, வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அம்புலிமாமாவில் ஒன்று மாறியிருந்ததை அன்றே உணர்ந்தேன். மூலத்தில் இருபத்தைந்தோடு முடிகிற வேதாளக் கதைகள் பத்திரிகையில் முடியவே இல்லை. மாதம் ஒரு கதை என்று புதிது புதிதாக எழுதி நூற்றுக்கணக்கில் போனது. மன்னனுக்கு எல்லாப் பதிலும் தெரிந்துகொண்டே இருந்தது. வாசலை அடைத்துவிட்டதால் அவன் சுடுகாட்டை விட்டு வெளியேற முடியவில்லை. அடுத்த மாதமும் கதை வேண்டும் என்பது பத்திரிகையின் தேவை. அந்தத் தேவைக்கு முன் பழைய கட்டு தளர்ந்தது.

இன்னொரு மாற்றமும் வந்தது. பத்திரிகையை நிறுத்திக் கேட்க முடியாது. தொடர்கதையில் மந்திரவாதியின் கோல் ஆற்றில் விழுந்த இதழ் எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த இதழ் கிடைக்கவில்லை. அதற்கடுத்த இதழில் கோல் அவன் கையில் இருந்தது. எழுதியவர் விட்ட ஓட்டையா, கப்பல் விட்ட ஓட்டையா என்று தெரியாது. தெருப்பிள்ளைகள் கூடினோம். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, மீன் விழுங்கிக் கொண்டுவந்து கொடுத்திருக்கும் என்றார். தம்பி, அவனிடம் இரண்டு கோல் இருந்தது என்றான். அப்பாயியிடம் போனோம். “கோலத் தொலைச்சவன் எதையோ குடுத்துத்தான் திரும்ப வாங்கிருப்பான். அவன்கிட்ட இப்ப என்ன கொறையுதுன்னு பாருங்க” என்றார். மறுபடி படித்தோம். முந்தைய படத்தில் அவன் விரலில் இருந்த மோதிரம் இந்தப் படத்தில் இல்லை. ஓவியர் மறந்திருக்கலாம். எங்களுக்கு அது போதும். ஆற்றுக்கு மோதிரத்தைக் கொடுத்துக் கோலை மீட்ட கதையை அன்றே உண்டாக்கிக்கொண்டோம்.

அதே நாகிரெட்டி–சக்கரபாணி நிறுவனம் 1957இல் எடுத்த ‘மாயா பஜார்’ படத்தை மறுவெளியீட்டில் பார்த்தோம். அதில் பிரியதர்சினி என்று ஒரு பெட்டி வரும். திறப்பவருக்கு எது மிகப் பிரியமோ அது அதில் தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். பலராமருக்குத் துரியோதனன் தெரிகிறான். பிற்பாதியில் கடோத்கசன் வத்சலாவாக உருமாறிக் கௌரவர்களை ஏய்க்கிறான். வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: “பெட்டியத் தொறந்து பாத்தா உண்மையான வத்சலா எங்க இருக்கான்னு தெரிஞ்சிருமே?” இந்த முறை பதில் சொன்னவர் அம்மா. “தொறக்கிறவருக்குப் பிரியமானதுதானடா அதுல தெரியும். அங்க வத்சலா மேல பிரியம் வெச்சவங்க யாரு இருந்தா?” அடுப்படியிலிருந்து அதட்டிய அதே அம்மா. அந்தப் பதில் படத்தில் வசனமாக இல்லை. படம் போட்ட கட்டுக்குள்ளேயே இருந்தது. பெட்டிக்கு எல்லாவற்றையும் காட்டும் வலிமையைக் கொடுக்காமல், பிரியத்தை மட்டும் காட்டும் எல்லையை வைத்தவர் கதை தெரிந்தவர்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டது. முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய படக்கதையின் தமிழ் வடிவம். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது. தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானில் அத்தை வீட்டுக்குப் போனால், தெங்கு கிளானா சாலைக் கடைகளில் காமிக்ஸ் தேடுவதுதான் அவனுக்கு வேலை. உடம்பு மறைந்தால் சட்டை எப்படி மறைகிறது என்பது அவன் கூட்டாளிகளின் தீராத வழக்கு. 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய மறையும் மனிதனுக்கு உடை மறையாது. அவன் குளிரில் ஆடையில்லாமல் நடுங்கித் திரிய வேண்டும். வெல்ஸ் அந்த ஓட்டையை அடைத்தார். இரும்புக்கைக் கதை அதை அடைக்கவில்லை. ஆனால் மறையாத கை என்ற ஒரு குறையை வைத்தது. அந்தக் கை மட்டும் காற்றில் மிதந்து வரும்போதுதான் எங்களுக்கு மூச்சு நின்றது. முழுக்க மறைந்திருந்தால் அவனைப் பற்றி அஞ்ச எதுவும் இருந்திருக்காது. பட்டியின் பாடம் இங்கேயும் நின்றது: குறை வைத்த மாயம்தான் கதை நடத்தும்.

மேல்நாட்டுச் சிறுவர் கதையாளர்களில் சிறந்தவர்களுக்கும் இது தெரியும். 1902இல் ஈ. நெஸ்பிட் எழுதிய நாவலில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மணல் பூதம் கிடைக்கிறது. நாளுக்கு ஒரு விருப்பம்தான் தரும். பொழுது சாய்ந்தால் தந்தது போய்விடும். நூறாண்டு கழித்து ஜே. கே. ரௌலிங்கும் இதே சுவரில் முட்டினார். 1999இல் வந்த மூன்றாம் ஹாரி பாட்டர் புத்தகத்தில் காலத்தைத் திருப்பும் ஒரு சிறு கருவி வருகிறது. ஒரே நேரத்தில் பல வகுப்புகளுக்குப் போக ஹெர்மயனி என்ற மாணவிக்கு அதைக் கொடுக்கிறார்கள். அதைக் கொண்டே இரண்டு உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள். பிறகு? நான் அப்போது கிள்ளானில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தந்தையை இழந்த ஒரு மாணவி அதை மலாய் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு வந்து கேட்டாள்: “டீச்சர், அந்தக் கருவி இருந்தா ஹாரியோட அம்மா அப்பாவக் காப்பாத்திருக்கலாமே?”

ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன் தம்பி கேட்ட அதே கேள்வி. கதையில் ஓட்டை கண்டுபிடிக்கும் பிள்ளை பல நேரம் தன் வீட்டில் விழுந்த ஓட்டையைப் பற்றித்தான் கேட்கிறது. நான் அவளிடம் தெரியவில்லை என்றேன், யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் இருவரும் அந்தப் பகுதியைச் சேர்ந்து படித்தோம். கருவியைக் கொண்டு போனவர்கள் சில மணி நேரம்தான் பின்னே போனார்கள். அதற்குள் நடந்தவற்றில் தாங்களும் ஏற்கெனவே இருந்திருந்தார்கள். கண்ணால் பார்த்துவிட்ட எதையும் அவர்கள் மாற்றவில்லை. பார்க்காமல் விட்ட இடத்தில் மட்டும் கை வைத்தார்கள். “அப்போ, ஏற்கெனவே தெரிஞ்சு போச்சுன்னா மாத்த முடியாது” என்று அவளே சொல்லி முடித்தாள். 2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில் ரௌலிங் அந்தக் கருவிகள் இருந்த அலமாரியையே உடைத்து நொறுக்கிவிட்டார். மாணவிக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. காளி பதில் சொல்ல முடியாதபோது பட்டியை விரட்டவில்லை. தலையைத் திருப்பிக் கொடுத்தாள். கேள்விக்கு ஆளான பொருளை உடைத்துவிடுவது கேள்விக்குப் பதிலாகாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நம் பள்ளிகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 1988இல் தொடங்கி 2021இல் கைவிடப்படும் வரை தமிழ்ப்பள்ளிகளின் கற்பித்தலையே வடிவமைத்தது. அதில் கற்பனைக் கட்டுரை ஒரு வகை. ‘எனக்கு மந்திரக்கோல் கிடைத்தால்’, ‘எனக்குச் சிறகு முளைத்தால்’ என்பன போன்ற தலைப்புகள். வழிகாட்டி நூல்களில் மாதிரிக் கட்டுரைகள் வந்தன. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். கோலை அசைத்தால் ஏழ்மை ஒழியும், மறுபடி அசைத்தால் நோய் ஒழியும், மூன்றாம் பத்தியில் உலகில் அமைதி நிலவும். எந்தக் கட்டுரையிலும் கோலுக்கு எல்லை இல்லை, விலை இல்லை. ஒருமுறை என் மாணவன் ஒருவன், கோலை அசைக்க அசைக்க அது குட்டையாகிக்கொண்டே வந்தது என்று எழுதினான். முதலில் தனக்கென்று மிட்டாய் கேட்டு வீணாக்கியவன், கடைசியில் விரல்கட்டை அளவு மிஞ்சியதை என்ன செய்வது என்று தவிக்கிறான். பள்ளிக்கு வெளியே நடந்த ஒரு போட்டிக்கு அதை அனுப்பினேன். மாதிரிக்கு ஒத்து வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் திருத்திய ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் அவன் ஒருவன்தான் பட்டியின் வழியில் யோசித்தவன்.

அன்றிலிருந்து என் வகுப்பில் முறையை மாற்றினேன். மாயக்கதை எழுதும் நாளில் மூன்று கேள்விகளை முதலில் கரும்பலகையில் எழுதுவேன். இந்தப் பொருளால் எது முடியாது? இதைப் பயன்படுத்துகிறவர் எதை இழப்பார்? இது இருக்கும்போது கதையில் ஏன் இன்னும் துன்பம் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் கதையைத் தொடங்கலாம். பிள்ளைகள் திணறினார்கள். பிறகு பறக்கும் பாயை மழையில் நனையக் கூடாததாக்கினார்கள். கோலாலம்பூரில் மழை பெய்யாத மாலை அரிது என்பதால், அந்தப் பாய் வைத்திருந்தவன் பெரும்பாலும் பேருந்துக்குத்தான் காத்திருந்தான். காணாமற்போனதைக் காட்டும் கண்ணாடியை, பார்ப்பவர் தன் நினைவில் ஒன்றை இழந்தால்தான் வேலை செய்யும் என்று ஒரு பெண் எழுதினாள். பத்து வயதில் அவள் எழுதியதைப் படித்துவிட்டு ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

இன்று ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் வீடுகளில் நாங்கள் இருந்த வரிசை என் நினைவில்தான் இருக்கிறது. 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2010இல் பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்று தோரணம் கட்டித் திறந்தார்கள். அம்புலிமாமா 1998இல் நின்று, மறு ஆண்டு உயிர்பெற்று, பத்துப் பதினைந்து ஆண்டில் அடியோடு நின்றுபோனது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் மூடப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனையாகி, லயத்து வாசல்கள் மறைந்தன. பிள்ளைகளுக்குக் கதை குறையவில்லை; கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் மாயக்கதைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. உம் கொட்ட வேண்டிய தேவை மட்டும் போய்விட்டது. உம் என்பது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற சொல் மட்டுமில்லை. அது நின்றால் சொல்பவரும் நின்று, பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று திரும்பிப் பார்ப்பார். அந்த இடத்தில்தான் கேள்வி பிறந்தது.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பிள்ளை கதையின் நடுவில் நிறுத்தி, அந்த மந்திரத்தை ஏன் மறுபடி பயன்படுத்தவில்லை என்று கேட்டால், கதைக்குக் கால் உண்டா தலை உண்டா என்று வாயை அடைக்காதீர்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பிறகு, மறக்காமல், நாளைக்குச் சொல்லுங்கள்.